ரப்பர் பேண்டுக்குக் கீழே

நவம்பர் 3, திங்கள்

நேற்றுக் கல்லறைத் திருநாளில் மெழுகு ஒழுகிய சேலையை, பழைய பேப்பர் வைத்து இஸ்திரி போட்டு எடுத்தேன். பாதி மெழுகு போயிற்று. மீதி இருக்கட்டும், அடுத்த வருஷமும் அங்கேதான் கட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

காலையிலேயே பொனிபாஸ் வந்துவிட்டான். என் தம்பி. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒயின் ஷாப் வைத்திருக்கிறான். டிசம்பரில் சென்னை, பெங்களூர்க் கூட்டம் புதுச்சேரிக்கு வந்து இறங்கும். மீன் சாப்பிடும், பியர் கேட்கும். "அந்தக் கூட்டத்த வெள்ள ஒயின் பக்கம் திருப்பணும்க்கா" என்றான். நோட்டீஸ் அடிக்கப் போகிறானாம். கடலோரத்தில் விளைந்த வெள்ளை ஒயின்கள், கையைக் கடிக்காத விலையில். எந்த மீனுக்கு எது என்று தமிழிலும் பிரெஞ்சிலும் நாலு வரி எழுதித் தர வேண்டும். பிரெஞ்சு டீச்சராக இருந்து ரிடையர் ஆன அக்கா சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள்!

"ஒனக்கு நல்ல நாக்குக்கா" என்றான்.

"நாக்கு இருக்குன்னு ஊரே சொல்லுது. இப்பத்தான் ஒருத்தன் அதப் பாராட்டாச் சொல்றான்" என்றேன்.

எனக்குச் சந்தோஷம்தான், அதை எழுதினால் என்ன? ரிடையர் ஆனதிலிருந்து என்னிடம் ஒரு காரியம் கேட்டு யாரும் வந்ததில்லை.

ஆனால் இந்த வீட்டில் பாட்டிலா? இவர் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. செவரேன், என் புருஷன். ஜோவித்தா கல்யாண ரிசப்ஷனில் எல்லார் முன்னாலும் கேக் மேசையோடு சாய்ந்த மகராசன். மகள் அன்றைக்கு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அவள் இந்த வாசல்படி மிதிக்கவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் மாப்பிள்ளையோடு வருகிறேன் என்று வாயைத் திறந்திருக்கிறாள். அதற்கும் ஒரு நிபந்தனை. "அப்பா ஒரு சொட்டு தொட்டாருன்னு தெரிஞ்சாலும் டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவேன்மா. அவர நீதான் பாத்துக்கணும்."

பொனிபாஸ் அதற்கும் வழி வைத்திருந்தான். கடையிலிருந்து சாவி போட்டுப் பூட்டுகிற பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து என் எழுத்து மேசை பக்கத்தில் வைத்துவிட்டான். ஒரே சாவி, அது என் தாலிச் சங்கிலியில். இவரிடம் கேட்டேன். "நீதான எழுதப் போற, எனக்கென்ன" என்றார். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

முதல் பாட்டில், முஸ்கதே. பிரான்ஸில் லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கிற பக்கத்துச் சரக்கு. அடியில் தங்கும் மண்டியை எடுக்காமல் குளிர்காலம் முழுக்க அதன்மேலேயே வைத்திருப்பார்களாம். வாயில் வைத்தால் கழுவிய சிப்பி வாசனை, கடைசியில் ஒரு உப்பு. மட்டிக் குழம்பில் காரம் குறைத்து, அதோடு குடித்தால் ஜோராக இருக்கும்.

ஒயினை ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும் என்று பொனிபாஸ் சொல்லித்தான் அனுப்பினான். ஒரு பிளாஸ்டிக் மக்கும் கொடுத்தான். நான் வாழ்நாள் பூராவும் வகுப்பில் பிள்ளைகளைத் துப்பாதே துப்பாதே என்று அதட்டியவள். துப்ப வரவில்லை. காசு கொடுத்த பொருளைத் துப்புவது பாவமும்கூட. ஒரு வாய்தானே.

எழுதும்போது இன்னொரு வாய் வேண்டியிருந்தது. வார்த்தை வர வேண்டுமே.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பாட்டில்களுக்கு ரப்பர் பேண்டு போட்டேன். ஒயின் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு சுற்று. குடிகாரன் பெண்டாட்டிகளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் காலத்தில் இவருடைய பிராந்தி பாட்டில் லேபிளில் பென்சிலால் கோடு போடுவேன். இவர் என்னைவிடக் கில்லாடி. குடித்த அளவுக்குக் கடும் டீயை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து வைப்பார். ஆறு மாசம் ஏமாந்தேன்.

வெள்ளை ஒயினில் டீ எடுபடாது, தண்ணீர் எடுபடும். ஆகவே பேண்டு மட்டம் சரியாக இருந்தாலும் நம்பக்கூடாது. காலையில் ஒரு வாய், சாயங்காலம் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிடுகிறேன், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று. இதுவரைக்கும் கலக்கவில்லை. எல்லாம் இந்த மனுஷனுக்காகத்தான். இல்லாவிட்டால் காலையில் வெறும் வயிற்றில் எனக்கு என்ன தலையெழுத்து?

இரண்டாவது, பிக்பூல். தெற்கு பிரான்ஸ், கடலை ஒட்டிய உப்பங்கழி ஓரத்துத் திராட்சை. எலுமிச்சைப் புளிப்பு. "வறுத்த சங்கரா மீனுக்கு எலுமிச்சம்பழம் தேட வேண்டாம், கிளாஸிலேயே இருக்கிறது" என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

மழை விடவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கிவிட்டது.

கானாங்கெளுத்தி மீன் அடுப்பில் கருகிப்போயிற்று. நாற்காலியில் சற்றே கண் அசந்தேன், அவ்வளவுதான். எழுந்து பார்த்தால் வீடெல்லாம் புகை, இவர் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்துகொண்டிருக்கிறார். "மணி மூணுதான் ஆவுது மதலேன்" என்றார்.

"மழக்காலத்துல யாருக்கும் தூக்கம் வரும்" என்றேன்.

அவர் கருகியதைச் சுரண்டி வெளியே கொட்டினார். சட்டியைத் தானே தேய்த்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கரண்டி கழுவாத மனுஷன், இப்போது சட்டி தேய்க்கிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது. தப்பு செய்கிறவர்கள்தான் இப்படித் தாங்குவார்கள். எனக்குத் தெரியாதா!

வீன்யு வெர்து: போர்ச்சுகல் வடக்குக் கரை. நாக்கில் லேசாகச் சுர்ரென்கிறது, கோலி சோடா மாதிரி. போதை குறைவு, அதனால் பகலுக்கு ஏற்றது.

நவம்பர் 15, சனி

கோயிலில் பாடல் பயிற்சிக்குப் போகவில்லை, தலைவலி. அல்தோவுக்கு, பெண்களில் அந்தக் கீழ்க்குரலுக்கு, நான் ஒருத்திதான். ஒரு நாள் இல்லாமல் பாடட்டும், அப்போதாவது அருமை தெரியும்.

இவர் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். "அந்த ஃப்ரிட்ஜ பொனிபாஸ் கடையிலேயே வச்சிட்டா என்னா? நீ அங்க போயி ருசி பாத்துட்டு வந்து எழுதலாமே."

"ஏன், இங்க இருந்தா ஒங்களுக்கு என்னா பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல."

"ஆச வருதா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வருந்தான்" என்றார்.

பாத்திரம் கழுவிக்கொண்டே நாளை எண்ணினேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது, அதற்குள் இந்த மனுஷன் கவிழ்த்துவிடுவாரோ? ஜோவித்தாவுக்கு மாடி அறைக்குப் புதுத் திரை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பயந்தது நடந்துவிட்டது. முஸ்கதே, பேண்டுக்கு இரண்டு விரல் கீழே. பிக்பூல் அதற்கும் கீழே.

நான் குடித்துப் பார்த்ததில் குறைந்திருக்குமா என்று யோசித்தேன். ஒரு வாய், இரண்டு வாய். அதில் இரண்டு விரல் எப்படிக் குறையும்? குறையாது. பூட்டு பூட்டியபடி இருக்கிறது. ஆனால் இவர் மின்துறையில் வேலை பார்த்தவர். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று கையில் இருந்தால் எதையும் திறந்து மூடுவார்.

பதற்றத்தில் வாய் உலர்ந்துவிட்டது. தண்ணீர் கலந்திருக்கிறாரா என்று இரண்டிலும் பார்த்தேன். கலக்கவில்லை. துணிச்சலைப் பார்!

நவம்பர் 19, புதன்

காத்திருந்து பிடிப்பது என்று முடிவு செய்தேன். ஹாலில் உட்கார்ந்து ஜபமாலை சொல்வதுபோல் கண்ணை என் அறை வாசலிலேயே வைத்திருந்தேன். இவர் அந்தப் பக்கம் இரண்டு தடவை போனார், இரண்டு தடவை திரும்பினார். மூன்றாவது தடவை நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"சாவியக் குடு மதலேன்."

"எதுக்கு?"

"குடேன். எல்லாத்தையும் தூக்கி பொனிபாஸ்கிட்ட குடுத்துட்டு வந்துடறேன்."

கடைக்குக் கொண்டுபோகிறாராம்! வழியில் எந்தச் சந்துக்குள் நுழைவாரோ. சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, "எங்கிட்ட கத விடாதீங்க" என்றேன். நின்றார், நின்றார், பிறகு குடையை எடுத்துக்கொண்டு மழையில் நடக்கப் போனார். வர வெகு நேரமாயிற்று. வந்தவுடன் வாயை முகர்ந்து பார்த்தேன். பெப்பர்மின்ட் வாசனை. சாதாரண மனுஷன் எதற்குப் பெப்பர்மின்ட் சாப்பிட வேண்டும்?

நவம்பர் 22, சனி

பொனிபாஸிடம் முதல் மூன்று வகையிலும் இன்னொரு பாட்டில் கேட்டு வாங்கினேன். "அதுக்குள்ளயா?" என்றான். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எழுத முடியும் என்றேன். கூடவே அல்பரின்யோவும் கொடுத்தான். ஸ்பெயினில் மழை கொட்டுகிற கரையாம். ஈரத்துக்குப் பயந்து கொடியைப் புடலங்காய் மாதிரி பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். வாசனை என்ன வாசனை! கொடுவா மீனை வாழை இலையில் சுட்டு இதோடு வைத்தால் தேவாமிர்தம்.

ஏன் இதெல்லாம் மலிவு என்பதற்கும் ஒரு வரி பிடித்தேன். பேர் பெற்ற ஊர்க்காரன் பேருக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறான். பேர் இல்லாத கடற்கரைக்காரன் ஒயினுக்கு மட்டும்தான் வாங்குகிறான். இதை நோட்டீஸில் மேலே போடச் சொல்ல வேண்டும்.

மாடிப்படியில் வழுக்கி முட்டியில் அடி. மழை ஈரம். படி உலர்ந்துதான் இருந்தது என்று இவர் சொல்கிறார். விழுந்தது நானா அவரா?

வாயில் கிராம்பு போட்டுக்கொள்கிறேன், பல்லுக்கு நல்லது.

நவம்பர் 25, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

அல்பரின்யோ பாதிக்கு வந்துவிட்டது. இதற்குமேல் பொறுத்தால் நான் மனுஷியே இல்லை. பாட்டிலைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் இவர் தட்டுக்கு முன்னால் வைத்தேன்.

"பேண்டு எங்க இருக்கு, ஒயின் எங்க இருக்கு. பாருங்க."

பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நான் தொடல, மதலேன்."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியமெல்லாம் அந்தக் காலத்துலயே நெறயப் பண்ணி வீணாக்கிட்டேன். தொடல, அவ்ளோதான்."

"அப்ப யாரு குடிச்சா? வானத்துலேர்ந்து சம்மனசு எறங்கி வந்து குடிச்சிட்டுப் போச்சா?"

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னவெல்லாம் பேசினேனோ. கேக் மேசையைச் சொன்னேன். அவர் அம்மா சாவுக்குக் குடித்துவிட்டு வந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையையே குடித்தீர்கள் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கையை மேசைமேல் வைத்திருந்தார், விரல்கள் நடுங்கின. குற்றமுள்ள நெஞ்சு என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் எழுந்து போனபின் படபடப்பு அடங்கவில்லை. ஒரு டம்ளர் குடித்தேன். மருந்து மாதிரி.

நவம்பர் 26, புதன்

ஜோவித்தாவுக்குச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அழைத்து, வந்த இடத்தில் அவள் பார்த்தால் இன்னும் மோசம்.

"நெசமாவாம்மா? நீ பாத்தியா?"

"பாட்டில் கொறயுதுடி. வீட்ல நாங்க ரெண்டு பேருதான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "சரிம்மா, கேன்சல் பண்ணிடறேன்" என்றாள், பால் வேண்டாம் என்று சொல்வதுபோல. புதுத் திரை தைத்து வந்துவிட்டது, மடித்துப் பீரோவில் வைத்தேன். இந்த மனுஷனை எந்த ஜென்மத்திலும் மன்னிக்க மாட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

இவர் காரைக்காலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. ஒரு பையில் இரண்டு வேட்டி, சட்டை, ஷேவிங் செட். வாசலில் நின்று, "அடுப்பு பத்த வச்சிட்டு ஒக்காராத. நின்னுக்கிட்டே சமையல முடிச்சிடு" என்றார்.

யாருக்கு யார் புத்தி சொல்வது?

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸை எதிர்பார்க்கும் திருவருகைக் காலம் ஆரம்பம். கோயிலில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் இரண்டாவது பூசைக்குப் போகலாம் என்றிருந்தேன், முடியவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றியதை மற்றவர்கள் சொல்லித்தான் எழுதுகிறேன்.

வீடு நிம்மதியாக இருக்கிறது. யாரையும் காவல் காக்க வேண்டாம். இனிமேல் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு எதற்கு? பழக்க தோஷத்தில் பூட்டிவிட்டேன்.

பொனிபாஸ் கொடுத்துவிட்டிருந்த ஐந்தாவது வகை, இத்தாலியின் சார்தீனியாத் தீவு வெர்மெந்தீனோ. கடைசியில் ஒரு கசப்பு, நல்ல கசப்பு. தனியாகச் சாப்பிடும்போதும் ஒரு துணை மாதிரி.

டிசம்பர் 2, செவ்வாய்

புயல் சின்னம். பொனிபாஸ் மழைக்கோட்டோடு வந்து இரண்டு புது பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான், முஸ்கதே ஒன்று, வெர்மெந்தீனோ ஒன்று. முன்னே கொடுத்ததெல்லாம் மாமா தீர்த்துவிட்டார் என்று சொல்லியிருந்தேன். "பாவம்க்கா நீ" என்றான். கிரேக்கத் தீவு ஒயினும் வேண்டுமா என்று கேட்டான். அது இப்போது ஆனை விலை, நியாய விலை நோட்டீஸில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். வேலை என்றால் வேலை.

இரண்டுக்கும் புதுப் பேண்டு போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. கை தானாகப் போட்டுவிட்டது.

டிசம்பர் 4, வியாழன்

பேண்டுக்குக் கீழே இருக்கிறது.

ரப்பர் பேண்டு வழுக்கி மேலே ஏறியிருக்கும். ஃப்ரிட்ஜுக்குள் ஈரம், கண்ணாடி வியர்க்கும், வழுக்கும். பேண்டுகளைக் கழற்றிவிட்டு செலோடேப் ஒட்டினேன். அழுத்தி ஒட்டினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

செலோடேப் நகராது.

டிசம்பர் 6, சனி

பொனிபாஸ் நோட்டீஸ் வாங்க வந்தான். எழுதி வைத்திருந்த தாள்களைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான், பிறகு உட்கார்ந்து படித்தான்.

"அக்கா, மொத ரெண்டும் பிரமாதம். சங்கரா, எலுமிச்சம்பழம், அதெல்லாம் ஜோர். இந்தக் கடைசி மூணும் ஒரே வரியா இருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். "குளிர்ச்சியாகக் குடிக்கவும். மிகவும் நன்றாக இருக்கிறது." மூன்றிலும் அதேதான். கையெழுத்து வேறு, பிள்ளைகள் பரீட்சையில் கடைசிப் பக்கம் எழுதியது மாதிரி இருந்தது. பிள்ளை யாராவது இப்படி எழுதியிருந்தால் சுழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"செவ்வாக்கெழம குடுத்தத வச்சு நானே ஒண்ணு எழுதிக்கறேன், ஒரு வாய் குடு" என்றான்.

சாவியைக் கழற்றித் தந்தேன். ஏன் தந்தேனோ! திறந்தான். முஸ்கதே காலி. வெர்மெந்தீனோவில் அடியில் ஒரு விரல்.

"மாமாதான்" என்றேன். அது வாயிலிருந்து தானாக வந்தது.

என் தம்பி ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு குந்தியபடியே இருந்தான். என்னைப் பார்க்கவில்லை. "மாமா போன வாரமே காரைக்கால் போயிட்டாரேக்கா" என்றான்.

பிறகு நான் சத்தம் போட்டேன். என் வீட்டில் வந்து என்னையே வேவு பார்க்கிறாயா, சாராயக் கடைக்காரா, வெளியே போடா என்றேன். சின்ன வயதில் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. போய்விட்டான்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கு ஒன்றும் குடிக்கக்கூடாது என்று காலையில் நினைத்தேன். அடியில் இருந்த ஒரு விரலை, காலி செய்துவிட்டால் பாட்டில் கழுவலாமே என்று, பத்து மணிக்குக் குடித்தேன்.

அப்புறம் துணி காயப்போடும் கம்பியடியில் நின்று அழுதேன். நான்தான். நான்தான் குடித்திருக்கிறேன், எல்லாவற்றையும்.

டிசம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். பொனிபாஸுக்குப் போன் செய்து ஃப்ரிட்ஜை எடுத்துப் போகச் சொன்னேன். ஆள் அனுப்பவில்லை, அவனே வந்தான். முந்தாநாள் நான் போட்ட சத்தத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தூக்கும்போது, "மாமாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். "ஜோவித்தாகிட்ட?"

அவளிடம் உண்மையைச் சொன்னால் அப்பா தப்பித்துவிடுவார். நான் என்ன ஆவேன்? இத்தனை வருஷம் அந்தப் பெண்ணுக்கு நல்ல அம்மா நான் ஒருத்திதான். அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

சொல்லாமல் விட்டால் என்ன? அவர் ஏற்கெனவே குடிகாரர். இன்னொரு தடவை குடித்தார் என்று இருந்துவிட்டுப் போகட்டும். இதையும் நான்தான் எழுதுகிறேன். எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சாயங்காலம் கை நடுங்கியது. சர்க்கரை போட்டு மூன்று தரம் காப்பி குடித்தேன். நாக்கு கேட்கிறது. வெட்கம் கெட்ட நாக்கு.

டிசம்பர் 9, செவ்வாய்

தூங்கவில்லை. ஒன்றும் குடிக்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

காரைக்கால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. சீர்காழி தாண்டும்வரை என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்துச் சீட்டுக்காரி நான் ஜெபம் பண்ணுவதாக நினைத்து, அவள் மகனுக்கு வேலை கிடைக்க ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இவர் அண்ணன் வீட்டு வாசலில் ஸ்டூல்மேல் நின்று கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கவில்லை. "அந்த டேப்ப எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். சுற்றி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

பின்பக்கம் கிணற்றடிக்குப் போனோம். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை.

"நான்தான் குடிச்சேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மீன் கருகுன அன்னிக்கி."

அப்போதே தெரியுமாம்! கோபம்கூட வந்தது எனக்கு, இந்த லட்சணத்தில். "அப்பவே ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? குடிகாரன் வந்து பொண்டாட்டியப் பாத்து நீ குடிக்கிறன்னா யாரு நம்புவா? நீயே நம்பியிருக்க மாட்ட. ஒனக்கே அப்ப தெரியாது. எனக்கும் மொதல்ல தெரியாமத்தான் இருந்துச்சு, ரொம்ப வருஷம்."

"அதுக்குப் பழிய ஏன் ஏத்துக்கிட்டீங்க? எங்கிட்ட சண்ட போட்டுட்டு அங்கயே இருக்க வேண்டியதுதான?"

ஒட்டும் டேப் சுருளைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழிய ஏத்துக்கிட்டு வரல மதலேன். ஒம்மேல அந்த வாசன வந்துக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல படுத்தா வரும், சோறு போடும்போது வரும். இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தா நானும் ஒங்கூட ஒக்காந்து ஊத்திக்கிட்டிருப்பேன். பயந்து ஓடியாந்துட்டேன்."

எனக்கு அழக்கூட வரவில்லை. அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டேன். மேசைமேல் நடுங்கிய அதே விரல்கள்.

"ஜோவித்தாகிட்ட சொல்லணும்" என்றேன்.

"வேணாம். எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும். எனக்குப் பழக்கந்தான்."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் கோழையாகத் திரும்பியிருப்பேன். அவர் சொன்னதும் வேறு வழியில்லாமல் போயிற்று. அங்கேயே, கிணற்றடியிலேயே போனைப் போட்டேன். அவரைப் போகவிடவில்லை.

ஒரே மூச்சில் சொன்னேன். அப்பா தொடவே இல்லை, ஒரு சொட்டுகூட இல்லை, எல்லாம் நான்தான், நோட்டீஸ் எழுதுகிறேன் என்று ஆரம்பித்தது, அவர்மேல் பொய்ப் பழி போட்டேன், டிக்கெட்டைத் திரும்பப் போடு, அவருக்காகவாவது வா. கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை.

கடைசியில், "இப்ப குடிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டாள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பாவிடம் கேட்டுப் பழகிய கேள்வி. என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"இல்லடி" என்றேன். சத்தியமான உண்மை.

"அப்பாகிட்ட போனக் குடு. அவர்கிட்ட கேட்டுக்கறேன்" என்றாள்.

கொடுத்தேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். என் முகத்துக்குக் கிட்டே குனிந்து, ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "இன்னிக்கி இல்ல."